பயிர்க்காவலுக்குத் துவக்கு எடுக்கும் புதியவருக்கு

நெற்கதிரில் பால் இறங்கும் நாட்களிலும், மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் நாட்களிலும், காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவில் ஒரு போகத்து உழைப்பைக் கிளறி எறிந்துவிட்டுப் போவதைக் காணாத கமக்காரர் எமது நாட்டில் அரிது. வேலி, அகழி, ஊர் கூடிக் காவல் காத்தல், அயல் வயல்கள் யாவும் ஒரே காலத்தில் விதைத்தல் ஆகியவையே பயிரைக் காக்கும் முதல் வழிகளாகும். இவை போதாதவிடத்து, அனுமதிப்பத்திரம் பெற்று, முதன்முதலாகத் துவக்கு ஒன்றைக் கையிலெடுக்கும் கமக்காரருக்காகவே இப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

துவக்கு வாங்கிய புதியவர் பலரும், தாம் கற்கவேண்டியது குறி தவறாமற் சுடுவதே என எண்ணுவர். அது இரண்டாவது பாடம். பன்றியிற் படாத சன்னம் எங்கே போய் விழும் என்பதை அறிவதே முதலாவது பாடம். நீங்கள் விழித்திருக்கும் அதே இரவில், அதே பன்றிகளுக்காக, அடுத்த வயலின் காவற்குடிலில் உங்கள் அயலவரும் விழித்திருக்கின்றார் என்பதை ஒருபோதும் மறக்கலாகாது.

துவக்கின் தன்மை

பயிர்க்காவலுக்கு வழங்கப்படுவது பெரும்பாலும் சொட்கன் எனப்படும் சன்னத் துவக்காகும். இதன் தோட்டாவில் ஒரு குண்டுக்குப் பதிலாகப் பல ஈயச் சன்னங்கள் அடங்கியுள்ளன. வெடிமருந்து எரிந்ததும் அவை செக்கனுக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறி, போகப் போக விரிகின்றன.

12 போர் ரகத் துவக்கு என்பதன் பொருளை அறிதல் நன்று. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டையொன்று எத்தனை பருமனோ அத்தனை பருமனே இக்குழலின் உள்வாய். அது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர் ஆகும். இருபது உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் சிறிதாகும். ஆகவே 20 போர் துவக்கின் குழல் 12 போரிலும் ஒடுக்கமானது.

சன்னங்களின் பருமனைத் தோட்டாவின் மீதுள்ள இலக்கமோ எழுத்தோ காட்டும். ஆங்கில முறைப்படி, 6 ஆம் இலக்கச் சன்னங்கள் ஓர் அவுன்ஸ் நிறைக்கு 270 ஆகும். 4 ஆம் இலக்கமாயின் 170. எஸ்.ஜீ. எனப்படும் பெருஞ்சன்னமாயின் எட்டு மட்டுமே. சிறு சன்னம் முயலளவான சிறு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரியது. பெருஞ்சன்னம் பன்றி போன்றவற்றுக்கு உரியது. சிறு சன்னத்தாற் பன்றியைச் சுட்டால் அது சாகாது. புண்பட்டு ஓடி, நாட்கணக்கில் வருந்தும்.

சன்னம் செல்லும் தூரம்

இங்கே புதியவர் மூன்று தூரங்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, விலங்கை உடனே வீழ்த்தும் தூரம். சிறு விலங்குகளுக்குச் சிறு சன்னத்தால் இது 30 அல்லது 35 மீற்றருக்கு மேற்படாது.

இரண்டாவது, விலங்கைப் புண்படுத்தும் தூரம். இத்தூரத்தில் சன்னங்கள் மிக விரிந்துவிடுவதால், ஒன்றிரண்டு மாத்திரமே உடலிற் படும். உள்வாய் ஒடுக்கப்படாத நேர்க்குழலிலிருந்து வெளிவந்த சன்னங்கள் 18 மீற்றரில் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் அகலத்துக்கும், 27 மீற்றரில் 110 சென்ரிமீற்றர் அகலத்துக்கும், 36 மீற்றரில் 145 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் பரவும். வாய் நன்கு ஒடுக்கப்பட்ட குழலாயின் அதே தூரங்களில் 40, 65, 100 சென்ரிமீற்றர் அளவே பரவும்.

மூன்றாவது, மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடிய தூரம். 6 ஆம் இலக்கச் சிறு சன்னமே ஏறத்தாழ 200 மீற்றர் சென்று விழும். அத்தூரத்திற் கண்ணிற் பட்டாற் கண் போய்விடும். எஸ்.ஜீ. சன்னமோ 600 மீற்றருக்கு மேலுஞ் செல்லவல்லது. இருபது மீற்றரில் நிற்கும் பன்றியை நோக்கி விசையை அழுத்தும் கமக்காரர், அதற்கு முப்பது மடங்கு தூரத்திலுள்ள குடிலுக்கும் ஒழுங்கைக்கும் கிணற்றடிக்கும் பொறுப்பாளி ஆகின்றார்.

நீர் நிறைந்த வயலில் இன்னுமோர் ஆபத்து உண்டு. தாழ்ந்த கோணத்திற் சென்று நீரிலோ கல்லிலோ கட்டாந்தரையிலோ படும் சன்னம் அங்கே புதையாது. எகிறித் திசை மாறும். எனவே விலங்கின் பின்னால் மண்மேடு இருந்தாலன்றிச் சுடலாகாது. உயர்ந்த பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது நிலமட்டத்திலிருந்து சுடுவதிலும் பாதுகாப்பானது. சன்னம் அண்மையிலேயே நிலத்திற் புதையும் என்பதே அதன் காரணம்.

கடதாசிச் சோதனை

ஒவ்வொரு துவக்கும் தன் போக்கிற் சன்னத்தைப் பரப்பும். உங்கள் துவக்கின் போக்கை விலங்கின் மீது சோதித்தல் தகாது. கடதாசியின் மீதே சோதிக்க வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைக்கு இணங்கிய ஓரிடத்தில், ஆளுயரத்துக்கு மேற்பட்ட மண்மேட்டின் முன், நான்கு அடிச் சதுரமான கடதாசியைச் சட்டமொன்றிற் கட்டி நிறுத்துங்கள். மக்கள் நடமாடும் குளக்கட்டு இதற்கு உதவாது. மேட்டின் பின்புறத்தே எவரும் இல்லையென்பதைச் சென்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

கடதாசியின் நடுவில் ஒரு சாண் அகலமான வட்டம் ஒன்றைக் கரியால் வரையுங்கள். பன்றியின் முன்காலை ஒட்டிய மார்புப் பகுதி ஏறத்தாழ அவ்வளவே. பின்னர் 10, 15, 20, 25 மீற்றர் தூரங்களிலிருந்து, காவலுக்குப் பயன்படுத்தும் அதே வகைத் தோட்டாவால், தூரத்துக்கு ஒன்றாகச் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய கடதாசியை மாட்டுங்கள். வட்டத்துள் குறைந்தது நான்கு பெருஞ்சன்னங்கள் விழும் மிகத் தொலைவான தூரமே உங்கள் துவக்கின் எல்லை. நேர்க்குழல் கொண்ட துவக்கில் அவ்வெல்லை நீங்கள் எண்ணியதிலும் மிகக் கிட்டவே இருக்கக் காண்பீர்கள்.

இவ்வெல்லையை நினைவில் மட்டும் வைத்திருத்தல் போதாது. இருளில் எல்லாத் தூரமும் ஒன்றுபோலத் தோன்றும். ஆதலால் காவற்குடிலைச் சுற்றி அத்தூரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய முளைகளை நாட்டிவிடுங்கள். முளைக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சத்தமிட்டு விரட்டலாம், சுடலாகாது. நான்கு தோட்டாக்களும் சில முளைகளுமே இதற்குச் செலவு. பின்பு வீணாகும் தோட்டாக்களையும் புண்பட்டோடும் விலங்குகளையும் எண்ணிப் பார்த்தால், இதனினும் இலாபமான செலவு வேறில்லை.

கைப்பழக்கமாக வேண்டிய நான்கு விதிகள்

1. எத்துவக்கையும் தோட்டா ஏற்றிய துவக்காகவே கருதுங்கள். கையில் எடுத்தவுடன் திறந்து பாருங்கள். மற்றவர் பார்த்துவிட்டுத் தந்தாலும் நீங்களும் பாருங்கள்.

2. சுட விரும்பாத எப்பொருளை நோக்கியும் குழல்வாயைத் திருப்பாதீர்கள். நடக்கும்போதும், இருக்கும்போதும், துடைக்கும்போதும் இவ்விதி ஒன்றே.

3. சுடுவதென்று தீர்மானிக்கும்வரை விரல் விசையிற் படலாகாது. விசைக்காப்பு வளையத்தின் வெளியே நீட்டியிருக்க வேண்டும். காப்புப் பூட்டு தேய்ந்து பழுதடையக்கூடிய கருவியாதலால், அதனை நம்பி விரலைக் கவனியாது விடாதீர்கள்.

4. இலக்கு இன்னதென்று கண்ணாற் கண்டு தெளியுங்கள். அதன் முன்னும் பின்னும் என்ன உள்ளதென்றும் தெளியுங்கள். அசையும் புதரையும், சரசரக்கும் சத்தத்தையும், மின்னும் கண்களையும் நோக்கிச் சுடலாகாது. கண்கள் பசுவுக்கும் நாய்க்கும் உண்டு.

வயலிலும் தோட்டத்திலும்

வழுக்கும் வரம்பில் நடப்பதற்கு முன்னும், வேலியையோ வாய்க்காலையோ கடப்பதற்கு முன்னும், பரணில் ஏறுவதற்கு முன்னும் துவக்கைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடுங்கள். இருவர் சென்றால், ஒருவர் வெறுந்துவக்கைப் பிடித்திருக்க மற்றவர் கடக்க வேண்டும். துவக்கை வேலிக் கட்டையிலோ மரத்திலோ சாய்த்து வைத்தால் நாய் தட்டியும் விழும்.

குழலுட் சேறு புகுதல் வயற்காவலில் அடிக்கடி நேரும் ஆபத்தாகும். கால் சறுக்கித் துவக்கின் வாய் சேற்றிற் குத்தினால், ஒரு விரற்கடைச் சேறே குழலை வெடிக்கச் செய்யப் போதுமானது. ஆகவே விழுந்தெழுந்த ஒவ்வொரு முறையும், தோட்டாவை அகற்றி, பின்புறமாகக் குழலூடே வானத்தைப் பாருங்கள். சுவரில் மாட்டிய துவக்கினுட் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. மாதக்கணக்கில் எடுக்காத துவக்கை அவ்வாறு பாராமற் பயன்படுத்த வேண்டாம்.

வெவ்வேறு ரகத் தோட்டாக்களை ஒரே பையில் இடாதீர்கள். 20 போர் தோட்டா ஒன்று 12 போர் குழலுட் போடப்பட்டால், வழுக்கிச் சென்று சற்று முன்னே சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமையெனக் கருதி அதன் பின்னால் 12 போர் தோட்டாவையும் ஏற்றிச் சுட்டவரின் கை சிதறும். பல நாடுகளில் 20 போர் தோட்டாவின் உறையை மஞ்சள் நிறமாகச் செய்வது இதனைத் தடுக்கவே. தோட்டாவின் நீளமும் குழலிற் பொறித்துள்ள அறையின் நீளத்துக்கு மேற்படலாகாது. 70 மில்லிமீற்றர் தோட்டா 65 மில்லிமீற்றர் அறையினுள் மூடிய நிலையில் இலகுவாக நுழையும். சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுக்கம் மிகும்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையாயின், துவக்கை உடனே திறக்காதீர்கள். குழலை ஆபத்தற்ற திசையிற் பிடித்தவாறு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். மருந்து தாமதித்து வெடித்தலும் உண்டு. சத்தம் வழக்கத்திலும் மெலிந்து கேட்டால், உள்ளே அடைப்பு சிக்கியிருக்கக்கூடும். குழலைப் பார்த்த பின்னரே அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள்.

இரவுக் காவல்

பன்றி இரவிலேயே வரும். எனவே ஆபத்தும் இரவிலேயே மிகும். பொழுது சாயுமுன் அயல் வயற்காரர் யாவரும் கூடி, அன்றிரவு எவர் எக்குடிலில் இருப்பார், எவர் எத்திசையில் மாத்திரம் சுடலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும். குடிலை விட்டு இறங்க வேண்டியவர் முதலிற் குரல் கொடுத்து, ரோச் வெளிச்சத்தைத் தம்மீதே காட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வெள்ளை மேற்சட்டை அணிதல் நன்று. நீர் பாய்ச்ச எழுந்தவரும், மாடு தேடி வந்தவரும், பிந்தி வீடு திரும்பும் பிள்ளையும் இவ்வொழுங்கை அறியார். அவர்கள் எப்பொழுதும் வரக்கூடும் என்ற எண்ணத்துடனேயே துவக்கு ஏந்துபவர் இருக்க வேண்டும்.

மது அருந்தியவர் துவக்கைத் தொடலாகாது. நித்திரை மயக்கத்தில் இருப்பவரும் அவ்வாறே. குளிருக்கு ஒரு மிடறு என்ற பேச்சுக்குக் காவற்குடிலில் இடமில்லை.

சுடும் முறை

பிடங்கைத் தோளின் குழிவில் இறுக அணைத்து, கன்னத்தை அதன்மீது பதித்து, இடது காலைச் சற்று முன்வைத்து நில்லுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளோர் இதனை மாற்றிக் கொள்க. தளர்வாகப் பிடித்தால் உதை தோளைக் காயப்படுத்தும்; அடுத்த முறை பயம் குறியைக் கெடுக்கும். வெறுந்துவக்குடன் நாள்தோறும் சிறிது நேரம் இவ்வாறு தூக்கிப் பழகினால், ஒரு தோட்டாவும் செலவின்றிப் பாதிப் பயிற்சி முடிந்துவிடும். பழகுமுன் துவக்கு வெறுமை என்பதை இருமுறை பாருங்கள். அறையில் தோட்டா எதனையும் வைத்திராதீர்கள். வெடியோசை செவியை நிரந்தரமாகப் பழுதாக்கவல்லது. ஆகவே செவியடைப்பானை அணியுங்கள்.

ஓடும் விலங்கைச் சுடுதல் புதியவருக்கு உரியதன்று. செக்கனுக்கு 10 மீற்றர் ஓடும் விலங்கு, சன்னம் 25 மீற்றரைக் கடக்கும் நேரத்துள் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் முன்னே சென்றுவிடும். ஆதலின் தலையைக் குறி வைத்தவரின் சன்னம் தலையிற் படாது பின்னே போகும். அதனினும் முக்கியமானது, ஓடும் விலங்குடன் துவக்கும் திரும்புகையில், அதன் பின்னணி கணத்துக்குக் கணம் மாறுகின்றது. தொடக்கத்தில் மேடாக இருந்தது முடிவில் அயலவரின் குடிலாக இருக்கும்.

புண்பட்ட பன்றியை இருளிற் புதருள் பின்தொடர வேண்டாம். விடிந்த பின், துணையுடன், இரத்தச் சுவட்டைப் பார்த்துச் சென்று அதன் வேதனையை முடிப்பது சுட்டவரின் கடமையாகும். இறைச்சியைத் துப்புரவாக்கும்போது றப்பர்க் கையுறை அணியுங்கள். சன்னம் துளைத்த இடத்தைச் சுற்றியுள்ள தசையைத் தாராளமாக வெட்டி அகற்றுங்கள். ஈயம் உடலுக்கு நஞ்சு. சிறப்பாகக் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் தீங்கானது.

எவருக்கேனும் சன்னம் பட்டுவிட்டால், தூய துணியால் இரத்தம் கசியும் இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். சன்னத்தைக் கிண்டி எடுக்க முயல வேண்டாம்.

வீட்டில்

துவக்கை ஓரிடத்திலும் தோட்டாக்களை வேறோரிடத்திலும் பூட்டி வையுங்கள். திறப்பு உங்களிடமே இருக்கட்டும். உயரத்தில் வைத்தால் பிள்ளைக்கு எட்டாது என எண்ணாதீர்கள்; கதிரை ஏறத் தெரியாத பிள்ளை இல்லை. வீட்டிலே சண்டை சச்சரவு மூண்டிருக்கும் காலத்திலும், எவரேனும் மனம் நொந்து வருந்தும் காலத்திலும், துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து வைக்கக் கேளுங்கள். அதனால் குறைவேதும் இல்லை.

சட்டம்

துவக்கு வைத்திருத்தல் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு அமைந்தது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதில்லாதவருக்குத் துவக்கை இரவல் கொடுத்தல் குற்றமாகும். விலங்குகளைப் பொறுத்தவரை 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் செல்லும். மயில், குரங்கு, முயல், முள்ளம்பன்றி முதலியவை பயிரைத் தின்றாலும், வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்திற் கேட்டறியாது எதனையும் சுடாதீர்கள். யானையைச் சன்னத்தால் விரட்ட முனைவது குற்றம்; அன்றியும் புண் சீழ்ப்பிடித்த யானை முன்னையிலும் கொடிதாக மறுநாளும் வரும்.

கட்டுத்துவக்கை எவரும் வைக்கலாகாது. பன்றி யார், பிள்ளை யார் என்று கயிறு அறியாது. விறகுக்கும் தேனுக்கும் காட்டோரம் போனவர் காலிழந்த கதைகளை நீங்களே கேட்டிருப்பீர்கள். வீட்டிற் செய்த இடியன் துவக்கும் அவ்வாறே விலக்கத்தக்கது. அது சுடுபவரின் முகத்திலேயே வெடிக்கும்.

துவக்கு தரும் மகிழ்ச்சி

இவ்வளவு விதிகளுக்கிடையே மகிழ்ச்சி எங்கே எனக் கேட்கலாம். விதிகள் கையிற் படிந்த பின்னரே அது வருகின்றது. அடுத்து என்ன நேருமோ என்ற அச்சம் நீங்கிய காவற்காரர், பன்றி எவ்வழியாக வருகின்றது, காற்று எத்திசையில் வீசும்போது அது தயங்குகின்றது, நிலா எழுமுன் வருவதா பின் வருவதா என்பவற்றைக் கவனிக்கத் தொடங்குகின்றார். மாலையில் வரம்போரச் சுவடுகளைப் படித்து, இரவில் அவ்வழியே விலங்கு வரக் காண்பதில் ஓர் இன்பம் உண்டு. முளைக்கு உள்ளே, மேட்டை முதுகில் வைத்து, அசையாது நிற்கும் விலங்கை ஒரே வெடியில் வீழ்த்துவதிலும், அயலவருடன் அதனைப் பேசி விடிய வைப்பதிலும் ஓர் இன்பம் உண்டு. அதற்கும் மேலானது, தூரம் சற்று மிகுந்ததாலோ பின்னணி தெளியாததாலோ விரலை எடுத்துக்கொண்டு, கைதட்டிப் பன்றியை விரட்டிவிட்டு, மனச்சுமையின்றி வீடு திரும்புவதாகும். அன்று இழந்தது நாலு மரவள்ளி. காப்பாற்றியது எதுவென்று அவர் ஒருபோதும் அறியாமலே இருக்கலாம்.

பயிர்க்காவலுக்கான மற்றைய வழிகளைப் பற்றியும், ஊர் கூடிக் காவல் ஒழுங்கு செய்வது பற்றியும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அல்லது கமநல சேவை நிலையத்தைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். இப்பிரசுரத்தை வாசித்து முடித்ததும், துவக்கு வைத்திருக்கும் அயலவரிடம் கொடுங்கள். அவரது துவக்கின் பாதுகாப்பு உங்கள் குடிலையும் சார்ந்ததாகும்.